யாருக்காக ஊறியது

குறொன்லாண்ட், ஒஸ்லோ
8 ஒக்டோபர் 2023

அன்புள்ள மச்சாளுக்கு,

முதலில் நன்றி. அதைச் சொல்லாமல் வேறெதையும் எழுதக்கூடாது என்று என் அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறா. பை வந்து சேர்ந்தது. உங்கள் பால் ஐந்து போத்தல், ஒவ்வொன்றிலும் நூற்றிருபது மில்லி, ஒவ்வொன்றிலும் உங்கள் உருண்டைக் கையெழுத்தில் திகதி. உங்கள் தம்பி சயூரன் அவற்றைக் குளிர்சாதனப்பெட்டியில் அடுக்கிவிட்டு, கோயில் பிரசாதத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். சயூரன் இரண்டு நாளைக்கு ஒருமுறை பை எடுக்க உங்கள் பியோர்ண்டால் வீட்டுக்கு வரத்தானே போகிறார், கடிதமும் அதற்குள்ளேயே வரட்டும். சனிக்கிழமைகளில் என்னைத் தமிழ்ப்பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு அம்மாவுக்கு இன்றுதான் ஒரு பலன்.

ஆரபிக்கு இன்றைக்குப் பன்னிரண்டு நாள். பிறந்த நிறையை இன்னும் பிடிக்கவில்லை. பால்மா கொடுத்தபோது உடம்பு முழுக்கச் சிவந்து, மலத்தோடு இரத்தமும் போனது உங்களுக்குத் தெரியும். பசுப்பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாதாம். டொக்டர் எழுதித் தந்த விசேட மாவை வாயில் வைத்ததும் துப்புகிறாள். அதை நானும் ருசி பார்த்தேன், அவளில் பிழை இல்லை.

நான் அப்போதெக்கில், மருந்துக்கடையில், எட்டு வருடமாக வேலை செய்கிறேன். பால் எடுக்கும் மெசின் எத்தனை தாய்மாருக்கு விற்றிருப்பேன். “பொறுமையா இருங்கோ, கட்டாயம் ஊறும்” என்று அவர்களுக்குப் புத்தியும் சொல்லியிருக்கிறேன். இப்போது அதே மெசினோடு அரை மணித்தியாலம் இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினைந்து மில்லி வருகிறது.

வெள்ளிக்கிழமை ஹெல்செஸ்தசூன் சுகாதார நிலையத்தில் பிள்ளையின் நிறை பார்த்த தாதி, “அம்மெர் டு?” என்று கேட்டாள். தாய்ப்பால் கொடுக்கிறாயா என்றுதான் கேட்டாள். இந்த நாட்டில் பிறந்தவள் நான், நொர்வேஜிய மொழி எனக்குத் தமிழைவிட நன்றாக வரும். ஆனாலும் அந்த நேரம் என் காதில் “நீ அம்மாவா?” என்றுதான் விழுந்தது. அழுதுவிட்டேன். அவள் எனக்கு மனச்சோர்வுப் படிவம் ஒன்றைத் தந்து நிரப்பச் சொன்னாள்.

இன்று காலை ஆரபி உங்கள் பாலைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். வீட்டில் எல்லோரும் கைதட்டாத குறை. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

நன்றியுடன், அது பொய்யில்லை,
கம்சிகா


பியோர்ண்டால்
10.10.2023

என் தம்பியின் வீட்டுக்காரிக்கு மச்சாள் எழுதுவது,

இங்கே நீர் அண்ணை என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர், சாய், அபிசன் எல்லோரும் சுகம். நீர் ஒழுங்காகச் சாப்பிட்டால் எனக்கும் சுகமாக இருக்கும்.

வயிறு எரிகிறது என்று எழுதியிருந்தீர். நல்லது, மனதில் வைத்துப் புழுங்காமல் எழுதினீரே. நாற்பது வயதில் அபிசனைப் பெற்றுவிட்டு நான் என்ன பெரிய சாதனையா செய்தேன். ஊறுகிறது, அவ்வளவுதான். அபிசன் ஒரு பக்கம் குடிக்கும்போது மற்றப் பக்கம் சட்டை நனைகிறது. அண்ணை என்னைக் கறவை மாடு என்கிறார். முதல் பிள்ளை சாய்க்கு நான்கு மாதம்தான் கொடுத்தேன், வேலைக்குப் போகவேண்டியிருந்தது. அதனால் இந்த முறை ஆசை தீரக் கொடுக்கிறேன்.

பால் ஊறக் கறியில் உள்ளிப்பூண்டு நிறையப் போடும். உம்முடைய குறொன்லாண்ட் கடையில் உறைந்த சுறா இருக்கும், அதை வாங்கி அவித்து உதிர்த்துப் புட்டோடு பிரட்டிச் சாப்பிடும். பிள்ளை பெற்றவர்களுக்குக் காய்ச்சிக் கொடுக்கிற சரக்குத்தூள் பையின் அடியில் வைத்திருக்கிறேன். அதை எடுத்து மணந்துவிட்டு மூடி வைக்கிற ஆள் நீர், எனக்குத் தெரியும். காய்ச்சிக் குடிக்க வேண்டும்.

இன்னொன்று. போத்தலில் எடுத்து, பையில் வைத்து, சூடாக்கி, எவ்வளவு மினக்கேடு. பிள்ளையை ஒருநாள் இங்கே கொண்டுவந்தால் நேரேயே கொடுத்துவிடுவேனே. யோசித்துப் பாரும்.

பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறேன். கொழுக்கட்டை நான் செய்கிறேன், நீர் ஒன்றிலும் கை வைக்க வேண்டாம்.

அன்பு மச்சாள்
சத்தியபாமா


30 ஒக்டோபர் 2023

மச்சாள்,

முப்பத்தொன்று நல்லபடியாக நடந்தது. கொழுக்கட்டையும் நல்லது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டு உங்களைப் புகழ்ந்ததும் சரி.

நான் குளித்துச் சேலை உடுத்துக்கொண்டு வந்தபோது அறைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. நீங்கள் என் கட்டிலில், என் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு இருந்தீர்கள். ஆரபி உங்கள் மார்பில். அவள் கண்ணை மூடி, கையை விரித்து உங்கள் நெஞ்சில் வைத்திருந்தாள். என்னிடம் குடிக்கும்போது அவள் கை எப்போதும் பொத்தித்தான் இருக்கும். பால் வராத கோபத்தில் என்னை இடிப்பாள்.

நீங்கள் என்னைக் கேட்கவில்லை. குளியலறைக் கதவில் ஒரு தட்டுத் தட்டிக் கேட்டிருக்கலாம்.

பிறகு உங்கள் பக்கத்து வீட்டு மங்களேஸ்வரி அன்ரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னா, “இனி அபிசனுக்கு இவள் மச்சாள் இல்லை, தங்கச்சி. ஒரு பால் குடிச்சதுகள்.” அதற்கு நீங்கள் சிரித்துக்கொண்டு, “ஓம் அன்ரி, இனி என்னை மாமி எண்டு கூப்பிடக்கூடாது, பெரியம்மா எண்டுதான் கூப்பிட வேணும்” என்றீர்கள். சபை சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன்.

தகப்பனின் தமக்கை எந்த ஊரில் பெரியம்மா? நீங்கள் பெரிய அம்மா என்றால் நான் யார், சின்ன அம்மாவா? பகிடிதான், எனக்குத் தெரியும். பகிடியில்தான் மனிதர் தங்கள் விருப்பத்தைச் சொல்வார்கள்.

பால் வேண்டும். பிள்ளைக்கு வேண்டும், நான் மறுக்க முடியாது. அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல். ஆனால் இனிப் பை மட்டும் வரட்டும். மடியில் வைத்துக் கொடுப்பது என் வேலை, பால் யாருடையதாக இருந்தாலும்.

கம்சிகா


1.11.2023

மச்சாள் கம்சிகா,

சரி. பை மட்டும் வரும்.

பிள்ளை வீரிட்டு அழுதாள், போத்தல் இன்னும் சூடாகவில்லை, எனக்கு அங்கேயே ஊற்றெடுத்துவிட்டது. அழுகிற பிள்ளையிடம் விலாசம் கேட்டுவிட்டா பால் கொடுப்பது? ஆனால் உம்மைக் கேட்டிருக்க வேண்டும். அதில் பிழை என்னுடையது. பெரியம்மா கதையும் இனி இல்லை. நான் மாமிதான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபிக்காதேயும். உம்மைப் பார்த்து எனக்கும் எரிகிற இடம் உண்டு. அன்று நீர் கதிரையில் இருந்தீர், சயூரன் அடுப்படியில் நின்று உம்முடைய மெசினின் சின்னச் சின்னக் குழாய்களைத் தூரிகை போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் எங்கள் அம்மா மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டப் போன நாட்களில், எட்டு வயதில் நான்தான் அவனுக்குப் போத்தல் கரைத்துக் கொடுத்து வளர்த்தேன். எனக்குப் பிள்ளை பிறந்தபோது ஒரு கோப்பை தேத்தண்ணிகூட யாரும் கொண்டுவந்து தரவில்லை. அண்ணை நல்ல மனிசன்தான், ஆனால் அவருக்கு அடுப்படி எந்தப் பக்கம் என்று தெரியாது.

சரக்குத்தண்ணி குடித்தீரா?

பாமா


20 பெப்ரவரி 2024

அன்புள்ள மச்சாள்,

மூன்று மாதமாகப் பைக்குள் “கிடைத்தது, நன்றி” என்ற துண்டுக் கடதாசி மட்டும் வைத்து அனுப்பியிருக்கிறேன். இன்று நீளமாக எழுத விஷயம் இருக்கிறது.

பாலூட்டல் கிளினிக்கில் எனக்கு ஒரு சாமான் தந்தார்கள். நூடில்ஸ் அளவு மெல்லிய குழாய். ஒரு நுனி உங்கள் பால் போத்தலுக்குள், மறு நுனி என் மார்பில் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருக்கும். ஆரபி என்னைச் சப்புவாள், உங்கள் பால் அவள் வாய்க்குள் போகும். அவள் ஏமாந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டு குடிப்பாள். உங்கள் உள்ளி மணம் என் சட்டையில் இருக்கும். எத்தனை நாள் அந்த மணத்தோடு இருந்து அழுதேன் என்று சயூரனுக்குத் தெரியும்.

ஆனால் அவள் சப்பச் சப்ப எனக்கும் ஊறத் தொடங்கியது. கார்த்திகையில் போத்தலில் முப்பது மில்லி மிஞ்சியது. தையில் பாதி மிஞ்சியது. போன வாரம் குழாயை ஒட்ட மறந்துபோய்ப் பிள்ளையைப் போட்டுவிட்டேன், அவள் விழுங்கும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். குழாய் மேசையில் கிடந்தது.

நிறுத்துப் பார்த்தோம். ஐந்து நாளாக என்னிடம் மட்டும் குடிக்கிறாள். நிறை ஏறுகிறது. கீரைக் கஞ்சியும் இரண்டு கரண்டி சாப்பிடுகிறாள்.

உங்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் சின்னதில்லை. என் பிள்ளை உயிரோடு கொழுகொழுவென்று இருப்பது உங்களால்தான். ஆனால் மச்சாள், பை திரும்பி வருகிறது. வெறும் பை. போத்தல்களைக் கொதிநீரில் அவித்து வைத்திருக்கிறேன். இனி வேண்டாம். இதை எழுதும்போது எனக்கு இவ்வளவு சந்தோஷம் வருகிறதே, அது நல்ல சந்தோஷமா கெட்ட சந்தோஷமா தெரியாது.

கம்சிகா


22.2.2024

மச்சாள்,

பை கிடைத்தது. மிகவும் சந்தோஷம். ஃப்ரீசரில் உமக்கென்று இன்னும் எட்டுப் போத்தல் கிடக்கிறது. இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும்.

பாமா


12.5.2024

அன்பு மச்சாளுக்கு,

பை இல்லாமல் தபாலில் வருகிற முதல் கடிதம் இது. நாளைக்கு நீர் வேலைக்குத் திரும்புவதாகத் தம்பி சொன்னான். அவன் லீவு எடுத்துக்கொண்டு பிள்ளையோடு நிற்கப் போகிறானாம். எங்கள் அப்பா காலத்தில் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அபிசன் பாலை மறந்துவிட்டான். நான் ஒன்றும் பூசவில்லை, கசப்புக் காட்டவில்லை. திங்கட்கிழமை மார்பில் போட்டேன், ஒரு கடி கடித்துவிட்டுச் சிரித்தான், வழுக்கி இறங்கிப்போய் அக்காவின் கோப்பையிலிருந்த ஓட்ஸ் கஞ்சியைக் கேட்டான். அதோடு சரி. பதினோரு மாதம், அதன் பிறகு திரும்பியும் பார்க்கவில்லை.

நீர் பகலில் இல்லாதபோது ஏதும் தேவையென்றால் தம்பி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வரட்டும். நான் வீட்டில்தானே நிற்கிறேன்.

பாமா


19 ஓகஸ்ட் 2024

சத்தியபாமா மச்சாளுக்கு,

சனிக்கிழமை சாயின் பிறந்தநாளில் நடந்ததைப் பற்றி யாரும் என்னோடு கதைக்கவில்லை. சயூரன் வீடு வரும்வரை கார்க் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அதனால் நான் எழுதுகிறேன்.

நான் கதிரையில் தட்டோடு இருந்தேன். ஆரபி தவழ்ந்து என் காலடிக்கு வந்தாள், என்னைத் தாண்டிப் போனாள், உங்கள் மடியில் ஏறினாள். அவள் கை நேராக உங்கள் சட்டையின் இடப்பக்கப் பொத்தானுக்குப் போனது. எல்லோரும் சிரித்தார்கள். “பாருங்கோ, மாமியிட்ட பால் கேக்குது” என்று யாரோ சொன்னார்கள். சயூரன் மட்டும் சிரிக்கவில்லை.

மச்சாள், என்னிடம் அவள் எப்போதும் வலப்பக்கம்தான் தேடுவாள். இடப்பக்கம் என்னிடம் படித்ததில்லை.

அபிசன் பாலை மறந்துவிட்டான் என்று மூன்று மாதத்துக்கு முன்னமே நீங்கள் எழுதினீர்கள். அவளை நீங்கள் அவசரமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது உங்கள் சட்டையில் ஈரம் இருந்தது. பின் யாருக்காக ஊறுகிறது?

வீட்டுக்கு வந்து சயூரனைக் கேட்டேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. நீ வேலைக்குப் போனதிலிருந்து பத்து நாளாகப் பிள்ளை போத்தலைத் தொடவில்லை, பயந்துபோய் அக்காவிடம் கொண்டுபோனேன் என்றார். முதல் நாள் ஒருமுறை. பிறகு ஒவ்வொரு நாளும்.

ஒரே ஒரு கேள்வி. நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அப்போதெக்கின் பின்னறையில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து, மெசின் போட்டு எடுத்த பால். ஒவ்வொரு நாளும் ஒரு போத்தல். மாலையில் வந்து வெறும் போத்தலைப் பார்த்து, என் பிள்ளை குடித்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேனே, அந்தப் பால் எங்கே போனது?

கம்சிகா


23.8.2024

கம்சிகா,

ஊற்றினேன். உம்முடைய வீட்டில் இல்லை, என்னுடைய சிங்கில். முதல் இரண்டு நாள் கரண்டியால் கொடுத்துப் பார்த்தேன், துப்பினாள். மூன்றாம் நாள் கொடுத்துப் பார்க்கவும் இல்லை. தம்பிக்குக் குடித்துவிட்டாள் என்று சொன்னேன். அவனைக் கோபிக்காதேயும். என்னிடம் கொண்டுவந்தது அவன் பயம். நாளும் கொண்டுவா என்று சொன்னது நான்.

உம்முடைய பாலை ஊற்றும்போது என் கை நடுங்கியது என்று எழுதினால் அது பொய். நடுங்கவில்லை.

மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் உண்மையை எழுதிவிடுகிறேன், பிறகு நீர் விரும்பியதைச் செய்யும். உமக்குப் பால் இல்லை என்று தம்பி முதன்முதல் சொன்னபோது நான் “ஐயோ பாவம்” என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உமக்குப் படிப்பு இருக்கிறது, மொழி இருக்கிறது, தேத்தண்ணி போடுகிற புருஷன் இருக்கிறான், அவன் நான் வளர்த்த பிள்ளை. உம்மிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் போத்தலில் அடைத்துத் திகதி எழுதி அனுப்பும்போது, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது போல இருக்கும்.

வெறும் பையை நீர் அனுப்பிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு அபிசனும் இறங்கிப் போய்விட்டான். எனக்கு இனிப் பிள்ளை இல்லை, டொக்டரும் சொல்லிவிட்டார். ஒருவருக்கும் தேவையில்லாமல் ஊறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தம்பி உம்முடைய மகளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். அவள் என்னைக் கண்டதும் வாயைத் திறந்தாள், கம்சிகா. நான் வேறு என்ன செய்வேன் என்று கேட்க மாட்டேன். வேறு செய்திருக்கலாம். எனக்குச் செய்ய மனமில்லை.

உம்மிடமிருந்து திருடினேன். மன்னித்துக்கொள்ளும்.

சத்தியபாமா


10.9.2024

கம்சிகா,

பதில் வரவில்லை. வரவேண்டும் என்று கேட்கவும் எனக்கு முகமில்லை. சேஜ் இலைத் தேத்தண்ணி குடித்துப் பாலை வற்றப் பண்ணிவிட்டேன் என்பதை மட்டும் அறியத் தருகிறேன். காய்ச்சல் வந்து மாறிவிட்டது.

பாமா


8 டிசம்பர் 2024

மச்சாள்,

நீங்கள் ஊற்றியதை நான் மன்னிக்கவில்லை. அதை முதலில் எழுதிவைத்துவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

ஓகஸ்டுக்குப் பிறகு ஆரபியை யாரிடமும் விடவில்லை. பார்னஹாகன் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவேன், திரும்பி வந்ததும் கோட்டைக் கழற்றாமலே மடியில் போடுவேன். பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போடுவேன். இடப்பக்கமும் பழக்கினேன். அவள் குடிக்கும்போதெல்லாம் எனக்குள் நீங்கள் ஒரு கதிரை போட்டு எதிரே இருப்பீர்கள். “பாருங்கோ, என்னட்டைத்தான் குடிக்கிறாள்” என்று மனதுக்குள் சொல்வேன். பிள்ளைக்குப் பால் கொடுத்தேனா உங்களுக்குக் காட்டினேனா என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது.

போன ஞாயிறு காலை அவளை மடியில் போட்டேன். என் முகத்தைப் பார்த்தாள், சட்டையை இழுத்து மூடிவிட்டாள். “நை” என்றாள், வேண்டாமாம். இறங்கிப்போய்த் தகப்பனிடம் வாழைப்பழம் கேட்டாள். பின்னேரம் போட்டேன், “நை”. மறுநாளும் அப்படியே. பதினான்கு மாதம், முடிந்தது.

அம்மாவிடம் சொன்னேன், “நல்லதுதானே, நீ இனி ஆறுதலாய் இருக்கலாம்” என்றா. சயூரன் மகளுக்குக் கைதட்டினார். வேலை செய்யும் இடத்தில் யோசெப்பின் என்னைக் கட்டிப்பிடித்து, இனி வைன் குடிக்கலாம் என்றாள். எல்லோருக்கும் நல்ல செய்தி. எனக்கு மார்பு கல்லாக இருக்கிறது, பனிக்காலச் சட்டைக்குள் வீக்கம் வற்ற முட்டைக்கோவா இலை வைத்துக் கட்டிக்கொண்டு மற்றவர்களுக்கு இருமல் மருந்து விற்கிறேன். பின்னறைக்குப் போனால் அழுகை வருகிறது. எதற்கு என்று யாரும் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஒரு ஆளுக்கு மட்டும் சொல்லாமலே விளங்கும். அந்த ஆளில் எனக்கு இன்னும் கோபம். இதுதான் என் நிலைமை.

அவள் இப்போது என்னிடமும் குடிப்பதில்லை, உங்களிடமும் குடிக்கப்போவதில்லை என்று நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. இப்படி நினைப்பதற்கு வெட்கப்படவேண்டும். படவில்லை.

வருகிற சனிக்கிழமை பகல் வாருங்கள். ஒன்றும் செய்துகொண்டு வரவேண்டாம், கையை வீசிக்கொண்டு வாருங்கள். நான்கு மாதமாகக் காணாததால் அவள் உங்களை மறந்திருப்பாள் என்று நினைக்கிறேன். மறந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். மறக்காமல் உங்களிடம் ஓடிவந்தால் தூக்குங்கள். நான் எழும்பி அடுப்படிக்குப் போவேன். அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். நீங்கள் பின்னால் வரவேண்டாம், சயூரனையும் அனுப்பவேண்டாம். எனக்கு ஆனதும் தேத்தண்ணியோடு நானே வருவேன்.

கம்சிகா